புத்தகயா முதல் ராஜகிருகம் வரை: உள்ளே ஓயாத பேச்சு ஓயும் வழி

முதல் நாள்: மகாபோதி ஆலயம்

கயா ரயில் நிலையத்திலிருந்து புத்தகயா சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோ எளிதில் கிடைக்கும். பல நாட்டு மடாலயங்கள் விருந்தினர் அறைகள் வைத்திருக்கின்றன. தியானத்துக்கென்று வருகிறவர்கள் ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலயம் காலை 5 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது. உட்காரத் தோதான பொழுது அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கிறது: திறந்தவுடன் ஒன்றரை மணி நேரம், மூடுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். செருப்பை வெளியே விடவேண்டும் என்பதால் தடித்த காலுறையும் ஒரு கம்பளிச் சால்வையும் தேவை. மாலையில் கொசு உண்டு. தடவிக்கொள்ள ஏதாவது கையில் இருக்கட்டும்.

2013 குண்டுவெடிப்புக்குப் பிறகு கைப்பேசி உள்ளே அனுமதியில்லை. அதனால் நேரம் பார்க்க வழியில்லாமல் பலர் திண்டாடுகிறார்கள். ஒரு ஜபமாலை போதும். நிதானமாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 15 மூச்சு விடுவார். பத்து மூச்சு முடிந்ததும் ஒரு மணியைத் தள்ளினால், ஒவ்வொரு மணியையும் தள்ள 40 முதல் 50 விநாடி ஆகும். 108 மணி உள்ள மாலையில் பாதி தாண்டினால் 36 முதல் 45 நிமிடம். புதிதாகப் பழகுகிறவர் ஒரே இருப்பில் உட்காரத் தகுந்த நேரம் அதுதான்.

இந்த இடம் அமைதியாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் நாளே மனம் நொந்துபோகிறார்கள். பாலி மொழியில் ஒரு குழு ஓதும், பக்கத்திலேயே திபெத்தியர்கள் ஓதுவார்கள், ஒலிபெருக்கியும் உண்டு. இதிலிருந்து தப்பிக்க மூலை தேடி அலைய வேண்டியதில்லை. காதில் விழும் ஓசை தியானத்தைக் கெடுப்பதில்லை. "இது சிங்களமா, பர்மியமா, எப்போது நிறுத்துவார்கள்" என்று மனம் தொடுக்கும் வாக்கியங்கள்தான் கெடுக்கின்றன. ஓசை வரட்டும், போகட்டும். வாக்கியம் தொடங்கியதைக் கண்டதும் மூச்சுக்குத் திரும்பினால் போதும்.

இருக்கை: கோயிலின் மேற்கே, புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதி மரமும் வஜ்ராசனம் என்னும் கல் பீடமும் உள்ளன. இப்போதுள்ள மரம், பழைய மரம் 1876இல் சாய்ந்த பிறகு அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் நட்ட கன்று. அதைச் சுற்றியுள்ள தளம் கல். வெறும் விரிப்பில் உட்கார்ந்தால் இடுப்பு பின்பக்கம் சரிந்து முதுகு கூனும். இருபது நிமிடத்தில் கீழ்முதுகு வலிக்கும். உட்காரும் இடம் முழங்காலைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரமாக இருக்கவேண்டும். சால்வையை அந்த உயரம் வரும்வரை மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் கொடுங்கள். இரண்டு முழங்காலும் தரையைத் தொடவேண்டும்; தொடாத பக்கம் ஒரு துணியை அண்டை கொடுங்கள். பத்மாசனம் கட்டாயமில்லை. கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது. அது ஆன்மிகச் சோதனையல்ல. மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். மரத்த காலோடு சட்டென்று எழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து.

எண்ணிக்கை: மூச்சு உள்ளே வந்து வெளியே போனால் ஒன்று. ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேற்படாமல் எண்ணி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறது விசுத்திமக்கம் என்னும் பழைய பாலி தியான நூல். காரணமும் சொல்கிறது. ஐந்துக்குள் நிறுத்தினால் இடம் போதாமல் மனம் முட்டி மோதுகிறது. பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் எண் தவறினால் எங்கே விட்டோம் என்று தேடக்கூடாது, தேடுவதும் உள்ளே நடக்கும் பேச்சுதான். ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். இதை எழுதிய புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டினர். இலங்கை வரலாற்று மரபு அவரைப் போதி மரத்துக்கு அருகே பிறந்தவர் என்கிறது. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் முடிவில் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கயாவிலிருந்து காஞ்சி வழியாக அனுராதபுரம் போன பாடத்தை, அது கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்து பழகிப் பார்க்க முடிகிறது என்பதே இந்தப் பயணத்தின் பேறு.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுதான்: மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ காற்று படும் புள்ளி. எது தெளிவாகத் தெரிகிறதோ அது. காற்றைப் பின்தொடர்ந்து நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் போய்வந்தால் மனம் கலையும். புருவ நடுவில் பாரமும் தலைவலியும் வந்தால், மூடிய கண்ணால் மூக்கைப் பார்க்க முயல்கிறீர்கள் என்று பொருள். கண்ணைத் தளர்த்திக் கீழ்நோக்கி விடுங்கள். பார்க்கும் வேலை இங்கே இல்லை. படுவதை உணர்வது மட்டுமே வேலை.

இரண்டாம் நாள்: நடை

கோயிலின் வடபுறச் சுவரை ஒட்டி ஒரு நீண்ட மேடையில் கல் தாமரைகள் வரிசையாக இருக்கின்றன. ஞானம் பெற்றபின் புத்தர் முன்னும் பின்னுமாக நடந்த இடம் என்று மரபு. மேடையின் மீது யாரும் நடப்பதில்லை. நடைப் பயிற்சிக்கு மேல் சுற்றுப்பாதையில் கூட்டம் குறைந்த ஒரு பக்கத்தையோ வளாகத்துக்குள் இருக்கும் தியானப் பூங்காவையோ தேர்ந்தெடுக்கலாம்.

நடையின் பலன்களாக அங்குத்தர நிகாயம் ஐந்தைச் சொல்கிறது: நெடும்பயணம் தாங்கும் உடல், முயற்சி தாங்கும் மனம், நோயின்மை, செரிமானம், நடையில் கிடைத்த ஒருமை நெடுநேரம் நிலைப்பது. கடைசிப் பலனைப் பலரும் கவனிப்பதில்லை. கண் திறந்திருக்க, உடல் அசைந்துகொண்டிருக்கும்போது வந்த அமைதி எழுந்தவுடன் கலைவதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே தீருவேன் என்பவர்களுக்கு அமைதி பெரும்பாலும் இருக்கையோடு நின்றுவிடுகிறது.

20 முதல் 25 அடி வைக்கும் நீளம் போதும். அதைவிடக் குறைந்தால் திரும்புவதிலேயே தலை சுற்றும். மிக நீண்டால் கவனம் சிதறியது தெரியாமலே போகும். பார்வை இரண்டு மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும். பாதத்தையே பார்த்தால் கழுத்து வலிக்கும். முதல் பத்து நிமிடம் சாதாரண வேகத்தில் இடது, வலது என்று மட்டும். அடுத்த பத்து நிமிடம் சற்று மெதுவாக: தூக்குதல், நகர்த்துதல், வைத்தல். முனையில் நின்று, நிற்பதை உணர்ந்து, பிறகு திரும்புங்கள். மனம் நழுவுவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். மிகவும் மெதுவாக நடக்க முயன்று தள்ளாடுகிறவர்கள் வேகத்தைக் கூட்டவேண்டும். தள்ளாட்டத்தைச் சமாளிப்பதற்கே மனம் செலவானால் பயிற்சி இல்லை.

இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில், எண்ணங்களைத் தணிக்கும் ஐந்து வழிகளைச் சொல்லும் சூத்திரம் ஒன்றில், நான்காவது வழி நடையோடு நேரே பொருந்துகிறது. விரைந்து நடப்பவன் "ஏன் விரைகிறேன்?" என்று மெல்ல நடக்கிறான், "ஏன் நடக்கிறேன்?" என்று நிற்கிறான், பிறகு உட்காருகிறான், பிறகு படுக்கிறான். எண்ணத்தையும் அப்படிப் படிப்படியாக இறக்கச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மனத்தோடு நேரே போய் உட்காராதீர்கள். முதலில் நடை, பிறகு இருக்கை. காலை 5 மணிக்கு வருகிறவர்கள் 20 நிமிடம் நடந்துவிட்டு 40 நிமிடம் உட்கார்ந்தால் வேறுபாடு அன்றே தெரியும்.

மூன்றாம் நாள்: துங்கேஸ்வரி

துங்கேஸ்வரி மலை புத்தகயாவிலிருந்து வடகிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். பல்கு ஆற்றைக் கடந்து போகவேண்டும். நிரஞ்சனை என்று நூல்களில் வரும் ஆறு இதுதான்; மழைக்காலம் தவிர்த்துப் பெரும்பாலும் மணல். வழியில் பக்ரௌரில், தவத்தால் மெலிந்த புத்தருக்குப் பாலன்னம் கொடுத்த சுஜாதையின் தூபி இருக்கிறது. துங்கேஸ்வரிக் குகைக்குள் எலும்பும் தோலுமான போதிசத்துவர், அதாவது ஞானம் பெறுவதற்கு முந்தைய புத்தரின் உருவம் இருக்கிறது. குகை சிறியது. விளக்குப் புகையும் வெக்கையும் அதிகம். வணங்கிவிட்டு வெளியே வந்து பாறை நிழலில் உட்காருங்கள்.

மரபு இந்த மலையைக் கடுந்தவத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அந்தத் தவத்தை மகாசச்சக சூத்திரத்தில் புத்தரே விவரிக்கிறார். பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தால் மனத்தை நசுக்கினார். அக்குளில் வியர்வை வழிந்தது. அடுத்து வாயாலும் மூக்காலும் வரும் மூச்சை நிறுத்தினார். காதுகளில் காற்று பேரிரைச்சலிட்டது. காதையும் அடைத்தபோது தலையைப் பிளப்பதுபோல் வலி. முயற்சி தளரவில்லை, ஆனால் உடல் கொதித்தது, அமைதியடையவில்லை என்கிறார்.

மௌனத்தை வலுக்கட்டாயமாக வரவழைக்க முயலும் ஒவ்வொருவருக்கும் இதன் சிறு அளவு நேர்கிறது. எண்ணம் வரக்கூடாது என்று தீர்மானித்து உட்காருகிறவரைப் பாருங்கள்: தாடை இறுகியிருக்கும், தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும், மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும். இரண்டு நிமிடம் எண்ணம் வராது. மூன்றாவது நிமிடம் முன்னைவிட வேகமாக வரும். எண்ணத்தை அடக்குகிறவர், அது வருகிறதா என்று காவல் காத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் காவலே ஓர் எண்ணம்.

இங்கே நுணுக்கமான ஒரு செய்தி உண்டு. நேற்றுச் சொன்ன ஐந்து வழிகளில் ஐந்தாவது இதே பல்கடிப்புதான், ஏறக்குறைய இதே சொற்களில். ஆக, புத்தர் அதை முற்றிலும் விலக்கவில்லை. மற்ற நான்கும் தோற்றபின் எடுக்கும் கடைசிக் கருவியாக வைத்தார். தீய எண்ணம் செயலாக மாறப்போகும் நொடியில் அது பயன்படும். அதையே அன்றாடப் பயிற்சியாக்கினால் தலைவலிதான் மிஞ்சும்.

அவர் திரும்பிய வழியும் அதே சூத்திரத்தில் இருக்கிறது. சிறுவனாக நாவல் மர நிழலில் தானாக வாய்த்த இனிய அமைதி நினைவுக்கு வந்தது. தீமையோடு தொடர்பில்லாத இன்பத்துக்கு நான் ஏன் அஞ்சவேண்டும் என்று கேட்டுக்கொண்டார், உண்டார், பிறகுதான் போதி மரம். செய்முறையில் இதன் பொருள்: உட்கார்ந்ததும் முதல் மூன்று நிமிடம் மூச்சைத் தொடவே வேண்டாம். நெற்றி, தாடை, நாக்கு, தோள், வயிறு, உள்ளங்கை என்று ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். நாக்கு முக்கியம். உள்ளே பேசும்போது பலருக்கு நாவின் அடியில் ஓர் இறுக்கம் இருக்கிறது. அது தளரும்போது பேச்சும் பாதி தளர்வதைக் காணலாம். உடலில் எங்காவது இதமாக இருக்கும் ஓரிடத்தைக் கண்டுகொண்டு, அதற்குப் பிறகு மூச்சை எண்ணத் தொடங்குங்கள்.

நான்காம் நாள்: ராஜகிருகம், வேணுவனம்

புத்தகயாவிலிருந்து ராஜகிருகம், இன்றைய ராஜ்கீர், 70 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். பேருந்தில் போனால் பெரும்பாலும் கயாவில் மாறவேண்டியிருக்கும். மகத அரசன் பிம்பிசாரன் புத்தரின் பிக்கு சங்கத்துக்குக் கொடுத்த மூங்கில் தோப்பு, வேணுவனம், இப்போது கரண்டக் குளத்தோடு கூடிய பூங்கா. பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். காலையில் குளத்தங்கரை நன்றாக இருக்கும்.

உள்மௌனம் எப்படி நேர்கிறது என்பதற்கான மிகத் துல்லியமான விளக்கம் இந்தத் தோப்பில்தான் பிறந்தது. கேட்டவர் விசாகன் என்னும் இல்லறத்தார்; பதில் சொன்னவர் தம்மதின்னை என்னும் பிக்குணி. சூளவேதல்ல சூத்திரத்தில் அவர் சொல்வது: மனம் முதலில் ஒன்றை எண்ணுகிறது, பிறகு அதை ஆராய்கிறது, அதன் பிறகே சொல் வெளிப்படுகிறது. ஆகவே பேச்சை உருவாக்குவன அந்த எண்ணமும் ஆராய்வும், அதாவது விதர்க்கமும் விசாரமும். மூச்சு உடலைச் சேர்ந்தது. உணர்ச்சியும் குறிப்புணர்வும் மனத்தைச் சேர்ந்தவை. ஆழ்ந்த நிலைக்குப் போகும்போது முதலில் ஓய்வது பேச்சின் வேர், அடுத்து மூச்சு, கடைசியில் மற்றவை. புத்தரின் சீடர் மொக்கல்லானரும் இன்னொரு சூத்திரத்தில் ஆரிய மௌனம் என்பது விதர்க்கமும் விசாரமும் தணிந்த இரண்டாம் தியானமே (தியான நிலைகள் நான்கில் இரண்டாவது) என்கிறார்.

இதிலிருந்து பழகுகிறவருக்குக் கிடைப்பது ஒரு வரிசை. வாயை மூடுவது முதற்படி. தொடக்கத்தில் எண்ணத்தை ஒழிப்பதில்லை. அதற்கு வேலை கொடுக்கிறோம். எண்ணிக்கை என்பதே விதர்க்கத்துக்குக் கொடுத்த வேலை. ஒன்று முதல் பத்து வரை தொடர்ச்சியாக ஐந்தாறு சுற்று தவறாமல் போனால் எண்ணை விட்டுவிடலாம். "உள்ளே, வெளியே" என்று மட்டும். அதுவும் மிகையாகத் தோன்றும்போது அதையும் விட்டு, படும் புள்ளி மட்டும். ஒவ்வொரு படியிலும் சொல் குறைகிறது. அவசரப்பட்டு எண்ணை விட்டவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் பழைய பேச்சு திரும்பும். அப்படியானால் மீண்டும் எண்ணுங்கள். இது தோல்வியல்ல, மேலும் கீழுமாகப் போய்வருவதே முறை.

இந்தக் கட்டத்தில் மூச்சு மெலிந்து தெரியாமலே போவதுண்டு. பலர் பதறி இழுத்து மூச்சுவிடுகிறார்கள்; கூடிவந்த அமைதி அத்தோடு போய்விடும். விசுத்திமக்கம் தரும் அறிவுரை இதமானது: மூச்சில்லாதவர் யார்? கருவில் இருப்பவர், நீரில் மூழ்கியவர், இறந்தவர், நான்காம் தியானத்தில் இருப்பவர் முதலானோர். நீ அவர்களில் ஒருவனில்லை. மூச்சு இருக்கிறது, நுட்பமாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு அது பட்ட இடத்திலேயே கவனத்தை வைத்துக் காத்திரு. சில நிமிடங்களில் மூச்சு அங்கேயே தென்படும்.

ஐந்தாம் நாள்: கிருத்ரகூடம், ஜீவகன் மாந்தோப்பு

கிருத்ரகூடம் எனப்படும் கழுகு மலைக்கு ஏறும் பாதை பிம்பிசாரன் போட்டது என்பார்கள். மிதமான ஏற்றம். உச்சியில் செங்கல் அடித்தளம் மட்டும் இருக்கிறது. விடிந்ததும் ஏறுங்கள், இருட்டில் தனியாக வேண்டாம். குரங்குகள் உண்டு என்பதால் தின்பண்டம் கையில் தெரியக்கூடாது. ரோப்வே போவது பக்கத்து ரத்தினகிரியில் ஜப்பானியர் கட்டிய சாந்தி தூபிக்கு.

புத்தர் இம்மலையில் தங்கியிருந்தபோது சோணர் என்னும் பிக்கு கீழே சீதவனத்தில் கால் புண்ணாகி ரத்தம் வரும்வரை நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். பலன் இல்லை, வீட்டுக்கே திரும்பலாமா என்ற எண்ணம் வந்தது. வீணை வாசித்துப் பழகியவர் என்பதால் புத்தர் அவரிடம் அதையே கேட்டார்: தந்தி மிக இறுகினால் இசைக்குமா? மிகத் தளர்ந்தால்? மிகை முயற்சி பரபரப்பாகவும் குறை முயற்சி சோம்பலாகவும் முடியும். இதைச் சோதிக்க எளிய குறி: இருந்து எழுந்தபின் எரிச்சலும் துடிப்பும் இருந்தால் தந்தி இறுக்கம், மந்தமும் கனமும் இருந்தால் தளர்வு. முன்னதற்கு நேரத்தைப் பத்து நிமிடம் குறைத்து உடல் தளர்த்துதலைக் கூட்டுங்கள். பின்னதற்கு நடையைக் கூட்டுங்கள்.

இறங்கி வரும் வழியில் அரச மருத்துவன் ஜீவகனின் மாந்தோப்பு. நீள்வட்டக் கல் அடித்தளங்கள். வண்டிகள் நிற்காமல் கடந்துபோகும் இடம். நின்று பார்க்கவேண்டிய இடம். கார்த்திகைப் பௌர்ணமி இரவில் மகத அரசன் அஜாதசத்து புத்தரைப் பார்க்க இங்கே வந்தான். தந்தை பிம்பிசாரனைக் கொன்றவன். தோப்பை நெருங்கியதும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஜீவகா, என்னைப் பகைவரிடம் காட்டிக்கொடுக்கவில்லையே? 1250 பிக்குகள் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லையே!" என்றான். விளக்கெரியும் மண்டபத்துக்கு ஜீவகன் அழைத்துப்போனான். தெளிந்த ஏரியைப்போல் அமர்ந்திருந்த சங்கத்தைக் கண்டு, இந்த அமைதி என் மகன் உதயபத்தனுக்கும் வாய்க்கட்டும் என்றான் அரசன்.

மௌனம் சிலருக்குப் பயம் தரும் என்பதைப் பயிற்சி முகாம்களில் போதிய அளவு சொல்வதில்லை. உட்பேச்சு அடங்கும்போது, அது மூடிவைத்திருந்த குற்றவுணர்வும் துக்கமும் மேலே வரலாம்: காரணமில்லாத படபடப்பு, அழுகை, விழுந்துவிடுவதுபோன்ற உணர்வு. அப்போது பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கக் கூடாது. கண்ணைத் திறங்கள். தரையில் உடல் அழுந்தும் இடங்களை உணருங்கள். எழுந்து பத்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு மூச்சுக்குப் பதிலாக ஐந்து நிமிடம் மைத்ரி என்னும் நல்லெண்ணப் பயிற்சி: "நான் நலமாக இருக்கட்டும்", அடுத்து மனத்துக்கு இதமான ஒருவர், அவரும் நலமாக இருக்கட்டும். இங்கே சொற்கள் திரும்ப வருவது பின்னடைவு அல்ல. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் நீண்ட மௌனப் பயிற்சிக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்டாகவேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

ஆறாம் நாள்: நாளந்தா, திரும்புதல்

ராஜகிருகத்திலிருந்து நாளந்தா சுமார் 12 கிலோமீட்டர். விகாரைகளில் பிக்குகளின் சிற்றறைகள் வரிசையாக இருக்கின்றன. இடிபாடுகளில் நிழல் குறைவு. பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் இருவரின் ஊர்களும் இந்தப் பக்கம்தான் என்பது மரபு.

மகதத்துச் சிற்றூர் ஒன்றில் மொக்கல்லானர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தபோது புத்தர் சொன்ன மருந்துகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தியானம் செய்யும் எல்லோருக்கும் வேண்டியவை. வரிசை இது: தூக்கம் தந்த நினைப்பை விடு, கேட்ட அறத்தை மனத்தில் ஆராய், விரிவாக ஓது, காதுகளை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவித் திசைகளையும் விண்மீன்களையும் பார், பகல்போன்ற வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா, முன்னும் பின்னும் நட. இத்தனைக்கும் போகாவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து, எழும் நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு படு. கடைசி மருந்து உறக்கமே என்பதில் இருக்கும் பரிவைக் கவனியுங்கள்.

தூக்கத்தைவிட ஏமாற்றுவது அதன் மெல்லிய வடிவம். எண்ணம் இல்லை, வலி இல்லை, முப்பது நிமிடம் போனதே தெரியவில்லை. பலர் இதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேறுபாடு காண ஒரே கேள்வி போதும்: அந்த நேரத்தில் மூச்சு தெரிந்ததா? உண்மையான அடக்கத்தில் மூச்சு மெலிந்தாலும் கூர்மையாகத் தெரியும், அல்லது அது படும் இடமாவது தெளிவாக இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். மந்தத்தில் மூச்சும் தொலையும், முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கும், எழுந்தபின் தலை கனக்கும். மந்தம் என்று தெரிந்தால் கண்ணைப் பாதி திறந்து, எண்ணும் வேகத்தைச் சற்றுக் கூட்டி, ஐந்து சுற்று எண்ணுங்கள்.

ராஜ்கீரிலிருந்து பாட்னா சுமார் 100 கிலோமீட்டர், ரயில் உண்டு. நீண்ட ரயில் பயணத்தில் கீழ் இருக்கையில் உட்கார்ந்து, பாதம் தரையில் பட, அரை ஜபமாலை எண்ணலாம். வீட்டில் முதல் வாரம் காலையில் 30 நிமிடம் போதும்: 10 நடை, 20 இருக்கை, கைப்பேசியைத் தொடுவதற்கு முன். ராஜகிருகத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டவர்களும் இங்கே ஒன்று, இரண்டு என்று மறுபடி தொடங்கவேண்டும். பேச்சும் செய்தியும் பல மடங்கு கூடியிருக்கும் இடத்தில் விதர்க்கத்துக்கு வேலை கொடுக்காமல் நேரே படும் புள்ளிக்குப் போனால், மூன்றாம் நாளே பயிற்சி நின்றுபோகும்.